குளிசை முடிந்தது, குதிகால் நோ முடியவில்லை

சென்ற இதழில் சிறுநீர்த் தொற்றுப் பற்றி எழுதியபோது, சிப்ரோஃப்ளொக்சசின், லெவோஃப்ளொக்சசின் போன்ற சில அன்ரிபயோட்டிக் குளிசைகள் தசைநாண்களைப் பாதிக்கலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தோம். அந்த ஒரு வரிக்கு மட்டும் இத்தனை கடிதங்கள். சுருக்கிய கேள்விகளுக்குப் பொது வைத்தியர் ஒருவரும் இயன்மருத்துவர் ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கேள்வி: எனக்கு 63 வயது. சிறுநீர்க் கடுப்புக்கு சிப்ரோஃப்ளொக்சசின் 500 மில்லிகிராம், காலையும் இரவும், 7 நாளுக்குத் தந்தார்கள். இழுப்புக்காக பிரெட்னிசலோன் என்ற ஸ்ரீரொயிட் குளிசையும் குடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் இரண்டு குதிகாலும் நோகத் தொடங்கியது. குளிசை முடிந்து இப்போது 7 கிழமை. காலமை கட்டிலால் இறங்கி முதல் அடி வைக்க உயிர் போகிறது. மருந்துதான் உடம்பை விட்டுப் போய்விட்டதே, நோ ஏன் போகவில்லை? லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் இருக்கிறேன். — வாசகி, வெள்ளவத்தை

மருந்து போய்விட்டது என்பது சரி. சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்பவரின் இரத்தத்தில் சிப்ரோஃப்ளொக்சசின் ஏறத்தாழ 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். கடைசிக் குளிசைக்குப் பின் ஒன்றிரண்டு நாளில் அது அநேகமாக முழுவதும் வெளியேறிவிடும். ஆனால் அது இருந்த நாட்களில் செய்த சேதம் தசைநாணில் நிற்கிறது.

தசைநாணை ஊரில் ‘நரம்பு’ என்பார்கள். நரம்பு வேறு. கெண்டைத்தசையைக் குதிகால் எலும்போடு கட்டிவைத்திருக்கும் கயிறு இது. கொலாஜன் என்ற புரத இழைகளால் முறுக்கியது. அந்தக் கயிறைப் பழுதுபார்க்கும் உயிரணுக்கள் அதில் மிகக் குறைவு, இரத்த ஓட்டமும் குறைவு. குதிகாலுக்கு மேலே 2 முதல் 6 சென்ரிமீற்றர் வரையான பகுதியில் இரத்த ஓட்டம் இன்னும் மோசம். இந்த வகை மருந்து அந்த உயிரணுக்களின் மக்னீசியத்தைப் பற்றிக்கொள்கிறது, அவற்றின் சக்தி நிலையங்களான மைற்றோகொண்டிரியாவைக் குழப்புகிறது, கொலாஜனை அரிக்கும் நொதியங்களைக் கூட்டுகிறது என்று ஆய்வுகூடச் சோதனைகள் காட்டுகின்றன. ஒருபக்கம் கயிறு அரிபடுகிறது, மறுபக்கம் முறுக்குபவர் வேலைக்கு வரவில்லை. தோல் காயம் பத்து நாளில் மூடும்; இந்தக் கயிறு மாதக் கணக்கில்தான் தன்னைப் புதுப்பிக்கும். பெரும்பாலானோருக்குச் சில கிழமைகளிலிருந்து சில மாதங்களில் தேறுகிறது. சிலருக்கு ஆறு மாதம் தாண்டுகிறது. சிறுபான்மையினருக்கு அதற்கும் மேல். 7 கிழமையில் நோ நிற்பது வழமைக்கு மாறானதல்ல.

உங்கள் விஷயத்தில் இரண்டு ஆபத்துகள் ஒன்றுசேர்ந்திருக்கின்றன: 60க்கு மேற்பட்ட வயது, பிரெட்னிசலோன். சிறுநீரக நோய், உறுப்பு மாற்றுச் சிகிச்சை ஆகியவையும் இதே பட்டியலில் உண்டு. அதற்காக பிரெட்னிசலோனை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் இழுப்பும் திரும்பும், உடம்பும் தளர்ந்துவிழும். கிளினிக்கில் சொல்லுங்கள், குறைக்கும் வழியை அவர்கள் பார்ப்பார்கள்.

முதலில் நோகும் இடத்தைச் சரியாகப் பிடியுங்கள். கட்டிலில் இருந்து, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் குதிகாலின் பின்புறக் கயிறை இரண்டு பக்கமும் பிடித்து, எலும்பிலிருந்து மேல்நோக்கி மெல்ல நசுக்கிக்கொண்டு போங்கள். அங்கே ஓரிடத்தில் ‘ஆ’ என்று வந்தால், தடிப்பும் தட்டுப்பட்டால், அது தசைநாண். கயிறில் ஒன்றுமில்லை, பாதத்தின் அடியில் குதிகாலின் உட்பக்கம் அழுத்தத்தான் நோகிறது என்றால் அது உள்ளங்காலின் சவ்வு நோ. 63 வயதில் அது குளிசை இல்லாமலும் வரும்.

கயிறுதான் என்றால் இன்றே செய்யக்கூடியது குதிகாலை உயர்த்துவது. 1 முதல் 1.5 சென்ரிமீற்றர் உயரத்தில், பின்னால் தடித்து முன்னால் மெலிந்த ஆப்பு வடிவில், கெட்டியான ரப்பரிலோ கோர்க்கிலோ இரண்டு துண்டு வெட்டி, இரண்டு செருப்பிலும் குதிகாலுக்குக் கீழே ஒட்டுங்கள். சப்பாத்துத் தைப்பவரிடம் சொன்னால் வெட்டித் தருவார். ஸ்பொஞ்ச் வேண்டாம், உடல் பாரத்தில் சப்பையாகிவிடும். ஒரு காலில் மட்டும் போட்டால் நாரி பிடிக்கும். நோ குறைந்த பிறகு ஒன்றிரண்டு கிழமைக்கு ஒருமுறை 3 மில்லிமீற்றர் அளவில் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

இன்னொன்று, வெறுங்கால். நம் வீடுகளில் ரைல் தரையில் வெறுங்காலோடு திரிவதுதான் வழக்கம். தட்டையான ரப்பர் பாட்டாவும் வெறுங்காலும் இந்தக் கயிறுக்கு ஒன்றுதான். வெளியே போகாத, சுத்தமான, குதி வைத்த ஒரு சோடிச் செருப்பைக் கட்டிலடியில் வைத்திருங்கள். முதல் அடியே அதில்தான் விழவேண்டும். இறங்குமுன் கட்டிலில் இருந்தபடியே பாதத்தை மேலும் கீழும் 20 தடவை மெல்ல அசைத்தால் முதல் அடியின் குத்து குறையும்.

மாடிப்படியில் அரைப் பாதத்தை மட்டும் வைத்து ஏறுவதுதான் கெடுதி. அந்தரத்தில் தொங்கும் குதிகால் கயிறை முழுக்க இழுக்கும். முழுப் பாதத்தையும் படியில் வையுங்கள். கைபிடியைப் பிடித்து, ஒரு படிக்கு இரண்டு காலும் வந்த பிறகு அடுத்த படி. ஏறும்போது நோ குறைந்த கால் முன்னே, இறங்கும்போது நோ கூடிய கால் முன்னே. சந்தைக்கும் கோயிலுக்கும் தனித்தனியே இறங்காமல் ஒரே இறக்கத்தில் முடியுங்கள். மரக்கறிப் பையைக் கயிறு கட்டி மேலே இழுப்பவர்கள் வெள்ளவத்தையில் இன்னும் இருக்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: அப்பாவுக்கு 71. லெவோஃப்ளொக்சசின் குடித்து முடித்து மூன்று கிழமை. பஸ்ஸால் இறங்கும்போது ‘டப்’ என்று சத்தம் கேட்டதாம். பின்னாலிருந்து யாரோ கல்லால் எறிந்தது போலிருந்ததாம். ஆனால் நொண்டி நொண்டி நடக்கிறார், பாதத்தையும் அசைக்கிறார். அறுந்திருந்தால் நடக்க முடியுமா? — புதுக்கடை

முடியும். அதனால்தான் இது பல இடங்களில் சுளுக்கு என்று தைலம் பூசி அனுப்பப்படுகிறது. இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திராமல் பதில் அனுப்பிவிட்டோம், மற்றவர்களுக்காக இங்கே.

கால்விரல்களை மடக்கும் வேறு தசைகள் இருப்பதால், பெரிய கயிறு அறுந்தாலும் பாதம் கொஞ்சம் அசையும். வீட்டிலேயே பார்க்கும் முறை இது. அவரைக் குப்புறப் படுக்கவிட்டு, பாதங்கள் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். கெண்டையின் நடுவே, சதை கூடிய இடத்தை, உங்கள் கையால் இறுக்கிப் பிழியுங்கள். கயிறு முழுமையாக இருந்தால் பாதம் தானாகக் கீழ்நோக்கி நீளும். மற்றக் காலில் நீண்டு இந்தக் காலில் அசையாமல் கிடந்தால் அறுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். பின்புறத்தைத் தடவும்போது பள்ளம் தட்டுப்பட்டாலும், ஒற்றைக் காலில் நுனிப்பாதத்தில் எழும்ப முடியாவிட்டாலும் அப்படியே. வீக்கம் பள்ளத்தை மறைத்துவிடும். பள்ளம் இல்லை என்று ஆறுதலடைய வேண்டாம்.

போகும்வரை காலை ஊன்றவிடாதீர்கள். பாதம் கீழ்நோக்கி நீண்ட நிலையிலேயே மட்டையோ தடித்த கார்ட்போட்டோ வைத்துக் கட்டுங்கள். பாதத்தை மேலே மடக்கிக் கட்டினால் அறுந்த நுனிகள் இன்னும் விலகும். ஏற்ற ஆளில்லை என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ். பிறகு சத்திரசிகிச்சையா, பாதத்தை நீட்டிப் பூட்டும் பூட்ஸா என்பதை எலும்பியல் வைத்தியர் முடிவு செய்வார். இரண்டாலும் நல்ல பலன் வருகிறது, நாள் கடத்தாவிட்டால்.

மருந்து முடிந்து மூன்று கிழமையில் அறுமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் 48 மணி நேரத்திலும் நடக்கும், மருந்தை நிறுத்திப் பல மாதங்களுக்குப் பின்னும் நடக்கும்.

கேள்வி: காய்ச்சலுக்கு டிஸ்பென்சரியில் சின்னக் கடதாசிக் கவரில் மூன்று விதக் குளிசை தந்தார்கள். கவரில் ‘1 வீதம் 2 நேரம்’ என்பதைத் தவிர ஒன்றுமில்லை. காய்ச்சல் விட்டது. ஆனால் மணிக்கட்டு, கைவிரல், கணுக்கால் எல்லாம் ஒரு மாதமாக நோ, காலமை விறைப்பு. அன்ரிபயோட்டிக்கின் வேலையா? — கொட்டாஞ்சேனை

பெயர் தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கவரோடு திரும்பப் போய், மூன்றின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை. சண்டைக்குப் போகவேண்டாம். “அடுத்த முறை ஒத்துவராத மருந்தைச் சொல்லவேண்டும், அதற்காகத்தான்” என்றால் எழுதித் தருவார்கள்.

எழுதியதைப் பார்க்கும்போது பெயரின் வாலைக் கவனியுங்கள். சிப்ரோஃப்ளொக்சசின், லெவோஃப்ளொக்சசின், ஒஃப்ளொக்சசின், நோர்ஃப்ளொக்சசின், மொக்ஸிஃப்ளொக்சசின். ‘ஃப்ளொக்சசின்’ என்று முடிகிற எல்லாம் ஒரே குடும்பம், ஃப்ளூரோகுயினலோன் என்று பெயர். தசைநாண் பிரச்சினை இந்தக் குடும்பத்தின் குணம். ஆனால் புண்ணுக்கும் கட்டிக்கும் தருகிற க்ளொக்சசிலின், ஃப்ளூக்ளொக்சசிலின் வேறு சாதி. ‘சிலின்’ என்று முடிபவை பென்சிலின் உறவு. ஒலி ஒன்றுபோல இருப்பதால் பார்மசி வாசலிலேயே பலர் குழம்புகிறார்கள். சென்னை போய் வருபவர்கள் வயிற்றோட்டத்துக்கென்று கொண்டுவரும் அட்டைகளையும் திருப்பிப் பாருங்கள். ஒஃப்ளொக்சசினும் ஒர்னிடசோலும் கலந்த குளிசை அங்கே சர்வசாதாரணம்.

இனி உங்கள் நோவுக்கு வருவோம். கைவிரல், மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் சேர்ந்து, காய்ச்சலுக்குப் பிறகு, காலமை விறைப்போடு என்றால் எங்களுக்கு முதலில் சிக்குன்குன்யாதான் ஞாபகம் வரும். 2006இலும் பிறகு 2025இலும் இலங்கையில் அது பரவியது. மூட்டு நோ மாதக் கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் நிற்கும். இரத்தத்தில் ஐஜிஎம் பிறபொருளெதிரியைப் பார்த்தால் தெரியும். ஃப்ளூரோகுயினலோன் நோ பெரும்பாலும் கயிறுகளைப் பிடிக்கும்: குதிகால், முழங்காலுக்குக் கீழ், தோள், பெருவிரலடி. மூட்டு வீங்கிச் சிவந்து நிற்பது அதன் வழமையான முகமல்ல.

வயிற்றோட்டத்துக்கோ பாலுறவால் வரும் சிறுநீர்வழித் தொற்றுக்கோ குளிசை குடித்தவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. அந்தத் தொற்றே ஒன்று முதல் நான்கு கிழமைக்குள் முழங்கால், கணுக்கால், குதிகால் நோவைக் கொண்டுவரும். கண் சிவக்கும், சிறுநீர் எரியும். எதிர்வினை மூட்டழற்சி என்பார்கள். குற்றம் கிருமியினுடையது, பழி குளிசைக்கு. பென்சிலின், செஃபலோஸ்போரின் வகைகள் தொடங்கி 7 முதல் 14 நாளில் தோல் தடிப்பு, காய்ச்சல், மூட்டு நோ சேர்ந்து வருவது வேறு ஒவ்வாமை. மருந்தை நிறுத்தினால் சில கிழமையில் அடங்கும். கொழுப்புக் குளிசை எடுப்பவராக இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். தசை நோவுக்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: 34 வயது. கிழமைக்கு மூன்று நாள் ஃபுட்போல் விளையாடுபவன். நெஞ்சுச் சளிக்கு லெவோஃப்ளொக்சசின் எடுத்து இடது குதிகால் தசைநாண் தடித்துவிட்டது. ஸ்கேனில் கிழிசல் இல்லை. மூன்று மாதம். சுவரில் கைவைத்து ஸ்ட்ரெச் செய்கிறேன், செய்யும்போது சுகம், அடுத்த நாள் மோசம். எப்போது ஓடலாம்? — மட்டக்குளி

அந்த ஸ்ட்ரெச்சை இன்றோடு நிறுத்துங்கள். பாதத்தை மேலே மடக்கிக் கெண்டையை இழுக்கும்போது, கயிறு குதிகால் எலும்பின் முனையில் நசுங்குகிறது. இழுபட்ட உணர்வு சுகமாகத்தான் இருக்கும்; விலை மறுநாள். இந்த மருந்தால் அரிபட்ட கயிறுக்கு இழுவை வேண்டாம். அளவான பாரம் வேண்டும், அதுவும் படிப்படியாக.

படி ஏறுவதா இல்லையா என்று முடிவு செய்யும் கணக்கு: பயிற்சியின்போது நோ பத்துக்கு மூன்றைத் தாண்டக்கூடாது, மறுநாள் காலமை முதல் பத்து அடியில் நோ, பயிற்சிக்கு முந்திய காலமையைவிடக் கூடியிருக்கக்கூடாது. கூடியிருந்தால் முந்திய படிக்கு இறங்குங்கள். ஒரு கொப்பியில் தினமும் காலமை அந்த ஒற்றை இலக்கத்தை எழுதுங்கள். ஞாபகத்தை நம்பினால், விளையாட்டுக்காரர்கள் எப்போதும் தமக்குச் சாதகமாகவே ஞாபகம் வைப்பார்கள்.

முதல் படி, அசையாமல் அழுத்துவது. கதிரையில் முழங்கால் மடங்க இருந்து, முன்பாதத்தால் தரையை அழுத்தி, குதியை ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கி 30 முதல் 45 செக்கன் பிடியுங்கள். 2 நிமிடம் ஓய்வு. 5 தடவை, காலையும் மாலையும். இருக்கும்போதே நோவும் வீக்கமும் உள்ளவர்களுக்கு இதுகூட வேண்டாம். அவர்கள் முதலில் ஊன்றுகோலோ பூட்ஸோ கொண்டு கயிறை அமைதியாக விடவேண்டும்.

இரண்டு கிழமை அந்த இலக்கம் ஏறாமல் நின்றால் அடுத்தது. அதே கதிரை, அதே மடங்கிய முழங்கால். 3 எண்ணும் நேரம் குதியை உயர்த்தி, 3 எண்ணும் நேரம் இறக்குங்கள். 15 வீதம் 3 தடவை. எளிதானதும் 2 கிலோ அரிசிப் பையை முழங்காலின் மேல் வையுங்கள். பிறகு 5, பிறகு 10. இங்கிருந்து ஒன்றுவிட்ட ஒருநாள்தான். பாரம் ஏற்றிய கயிறு உள்ளே தன்னைப் பழுதுபார்த்து முடிக்க ஒன்றரை முதல் மூன்று நாள் எடுக்கும். நடுவில் மறுபடி ஏற்றினால் அரிப்புத்தான் மிஞ்சும். ஆர்வக்கோளாறில் தினமும் செய்து கெடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

பிறகு நின்றபடி, குசினி மேசையைப் பிடித்து, இரண்டு காலாலும் எழும்பி இறங்குவது: 8இல் தொடங்கி 15 வரை, 3 தடவை. அடுத்து இரண்டு காலால் எழும்பி, நோகும் காலால் மட்டும் மெல்ல இறங்குவது. அடுத்து ஒற்றைக் காலால் எழும்புவதும் இறங்குவதும். படி விளிம்பில் நின்று குதியை கீழே தொங்கவிடும் பயிற்சி எல்லோரும் சொல்வது; உங்களுக்கு அது கடைசியில்தான், தட்டைத் தரையில் ஒற்றைக் காலில் 15 வீதம் 3 தடவை நோவின்றி வந்த பிறகு. வழமையான குதிகால் தசைநாண் நோவுக்கு 12 கிழமைத் திட்டம் என்று ஜிம்மில் தருவார்கள். அந்த நாட்காட்டியை உங்கள் காலுக்கு மாட்டாதீர்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு மடங்கு நேரம் நின்றாலும் பரவாயில்லை.

இனி ஓட்டம். ஒற்றைக் காலில் தொடர்ச்சியாக 20 முதல் 25 தடவை, நல்ல காலின் உயரத்துக்கே எழும்ப முடியவேண்டும். இரண்டு காலால் துள்ளி, மறுநாள் ஒன்றும் ஆகாமலிருக்க வேண்டும். அதன் பிறகு 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை, 6 சுற்று, கிழமைக்கு இரண்டு நாள். காலி முகத்திடலின் புல்தரையைவிடச் சமதரை நல்லது. புல்லில் குழி தெரியாது. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், குதி புதைந்து கயிறை இழுக்கும். திடீரென்று நின்று திரும்பும் ஃபுட்போல் எல்லாவற்றுக்கும் கடைசி.

நீங்கள் கேட்காமலே நாங்கள் சொல்லவேண்டியது ஒன்று: வலது காலையும் கிழமைக்கு ஒருமுறை நசுக்கிப் பாருங்கள். இந்த மருந்து இடது வலது பார்ப்பதில்லை.

கேள்வி: மக்னீசியம், கொலாஜன் மா, விற்றமின் சி எடுத்தால் சீக்கிரம் ஆறுமா? அம்மா எண்ணெய் பூசி உருவச் சொல்கிறா. ஒருவர் ஊசி போட்டால் ஒரு நாளில் சுகம் என்கிறார். — தெஹிவளை

ஊசியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் திருத்த முடியாத தவறு அதுதான். ‘ஒரு நாளில் சுகம்’ தரும் ஊசி ஸ்ரீரொயிட். குதிகால் கயிறைச் சுற்றி அதைப் போடுவது சாதாரண காலத்திலேயே கயிறை அறுக்கக்கூடியது. ஃப்ளூரோகுயினலோனுக்குப் பின்னர் இரட்டை ஆபத்து. நோ போய்விடும், நீங்கள் முழுப் பாரத்தையும் ஊன்றுவீர்கள், அறுவது அப்போதுதான்.

அம்மா எண்ணெயைச் சூடாக்கி மேலால் தடவட்டும், அதில் பிழையில்லை. பெருவிரலை ஊன்றி உருவுவதும், ‘நரம்பை எடுத்துவிடுவதும்’ வேண்டாம். கெண்டையின் சதையை மெல்லப் பிசையலாம், கயிறில் கைவைக்கக்கூடாது.

மக்னீசியம் குறைந்த விலங்குகளில் இந்தச் சேதம் கூடுகிறது என்பது உண்மை. ஆனால் சேதம் வந்த பிறகு குளிசையாக எடுத்து மனிதருக்குச் சீக்கிரம் ஆறியதற்கு உறுதியான சான்று இல்லை. வயிறு ஒத்துக்கொண்டு, சிறுநீரகம் நல்லதாக இருந்தால் எடுப்பதில் பெரிய கெடுதி இல்லை. சிறுநீரக நோயாளர் தொடவேண்டாம். கொலாஜன் மாவுக்குக் கொடுக்கும் காசுக்கு முட்டையும் மீனும் பருப்பும் நெல்லிக்காயும் வாங்கலாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். தொற்றுக்கு இந்த வகைக் குளிசை எடுத்துக்கொண்டிருக்கும்போதே ‘தசைநாணைக் காப்பாற்ற’ மக்னீசியமும் கல்சியமும் சேர்த்து விழுங்குபவர்கள் உண்டு. மருந்து அவற்றோடு குடலிலேயே ஒட்டிக்கொண்டு இரத்தத்துக்குப் போகாது, தொற்று மாறாது, இன்னொரு கிழமைக்கு அதே மருந்தை எழுதுவார்கள். நெஞ்செரிவுப் பாணி, இரும்புக் குளிசை, துத்தநாகம் எல்லாம் இதே கணக்கு. சிப்ரோஃப்ளொக்சசினை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்னதாகவோ 6 மணி நேரம் பின்னதாகவோ எடுக்கவேண்டும். பால்தேத்தண்ணியோடு விழுங்குவதும் பிழை. பிளேன்ரீ என்றால் ஒட்டாது. ஆனால் சிப்ரோஃப்ளொக்சசின் கஃபீனை உடம்பில் தேக்கிவைப்பதால் நாலைந்து கோப்பை குடிப்பவர்களுக்கு நெஞ்சு படபடக்கும், நித்திரை வராது.

கேள்வி: நோவுக்கு டைக்ளோஃபெனக்கும், தசை இளக டிசானிடினும் வீட்டில் இருக்கின்றன. எடுக்கலாமா? — பம்பலப்பிட்டி

சிப்ரோஃப்ளொக்சசின் எடுக்கும் நாட்களில் டிசானிடின் கூடவே கூடாது. இரத்தத்தில் அதன் அளவு பல மடங்காகி, அழுத்தம் விழுந்து, எழும்ப முடியாத மயக்கம் வரும். ‘நாரிப்பிடிப்புக் குளிசை’ என்று வீட்டில் கிடக்கும் அட்டையில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

டைக்ளோஃபெனக் போன்றவை இந்த வகை அன்ரிபயோட்டிக்கோடு சேரும்போது வலிப்பு வரும் சாத்தியத்தைக் கூட்டலாம். வலிப்பு நோய் உள்ளவர்கள் நிச்சயம் தவிர்க்கவேண்டும். மருந்து முடிந்த பிறகு சில நாட்களுக்கு எடுக்கலாம், வயிறும் சிறுநீரகமும் அழுத்தமும் சரியென்றால். நாட்கணக்கில் என்றால் களிம்பாகப் பூசுங்கள். காய்ச்சலும் இருந்தால் டெங்கு இல்லையென்று தெரியும்வரை டைக்ளோஃபெனக்கும் ஐபூபுரோஃபெனும் வேண்டாம். பரசிற்றமோல் 500 மில்லிகிராம் 2 குளிசை, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, 24 மணி நேரத்தில் 8ஐத் தாண்டாமல். 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும் ஈரல் நோயாளரும் அளவைக் கேட்டுக் குறைக்கவேண்டும்.

நோ குறைவதற்காக எடுங்கள், மாடி ஏறுவதற்காக எடுக்காதீர்கள்.

கேள்வி: கண் சத்திரசிகிச்சைக்குப் பின் மொக்ஸிஃப்ளொக்சசின் துளி. முன்பு சிப்ரோவால் குதிகால் நொந்தவள் நான். பயமாக இருக்கிறது. — வத்தளை

போடுங்கள். துளியிலிருந்து இரத்தத்துக்குப் போகும் அளவு மிகமிகச் சிறிது. பழைய கதையைக் கண் வைத்தியரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: காசநோய் மருந்து தொடங்கி ஒரு மாதம். மூட்டெல்லாம் நோ. நிறுத்தவா? — மருதானை

நிறுத்தக்கூடாது. முதல் இரண்டு மாதம் தரும் பைரசினமைட் யூரிக் அமிலத்தைக் கூட்டி மூட்டை நோகச் செய்யும். பெரும்பாலும் நோக்குளிசையோடு சமாளித்துப் போகலாம். மார்பு நோய் கிளினிக்கில் சொல்லுங்கள். அட்டையில் லெவோஃப்ளொக்சசின் இருந்தால் மட்டும் குதிகாலையும் நசுக்கிப் பார்த்து, அன்றே சொல்லுங்கள்.

கேள்வி: நீரிழிவு 15 வருடம். இரண்டு வருடத்துக்கு முன் சிப்ரோவால் தோள் கயிறு நொந்து ஆறு மாதம் கை தூக்கவில்லை. இப்போது சிறுநீர்த் தொற்று. மறுபடி அதையே எழுதியிருக்கிறார்கள். துண்டைக் கிழித்துப் போடவா? — கொழும்பு 13

கிழிக்காதீர்கள், ஆனால் குடிக்கவும் வேண்டாம். இன்றே திரும்பிப் போய் தோள் கதையைச் சொல்லுங்கள். ஒருமுறை வந்தவருக்கு இந்தக் குடும்பத்தின் எந்த மருந்தையும் திரும்பத் தருவதைத் தவிர்க்கவேண்டும் என்பது ஐரோப்பாவில் மருந்துகளை ஒழுங்குபடுத்தும் முகவரகம் 2018இல் எடுத்த முடிவு. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2008இல் தசைநாண் எச்சரிக்கையைப் பெட்டி கட்டி அச்சிட வைத்தது. 2016இல், சாதாரண சிறுநீர்த் தொற்று, பீனசம், மார்புச்சளி ஆகியவற்றுக்கு வேறு வழி இருந்தால் இதைத் தரவேண்டாம் என்றது. பிரித்தானியா 2024 ஜனவரியில், மற்ற அன்ரிபயோட்டிக் பொருந்தாதபோது மட்டும் என்று கட்டுப்படுத்தியது. முதல் எச்சரிக்கை இன்னும் பழையது: 1983இல் நியூசிலாந்தில் நோர்ஃப்ளொக்சசின் எடுத்தவர்களுக்கு இது வந்ததாக எழுதியிருக்கிறார்கள்.

மருந்தை எழுதியவரை எதிர்த்துக் கேட்பதாக நினைக்கவேண்டாம். சிறுநீர் கல்ச்சரும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) ஏபிஎஸ்ரியும் (அது எந்த அன்ரிபயோட்டிக்குக்கு மசியும் என்று பார்ப்பது) செய்யச் சொல்லிக் கேளுங்கள். அறிக்கையில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே ‘எஸ்’ என்றால் அந்தக் கிருமிக்கு மருந்து வேலை செய்யும், ‘ஆர்’ என்றால் செய்யாது. ‘எஸ்’ உள்ளவற்றில் ஃப்ளொக்சசின் அல்லாத ஒன்று அநேகமாக இருக்கும். காய்ச்சல் இல்லாத, சிறுநீர்ப்பையோடு நின்ற தொற்றுக்கு நைற்றோஃபியூரண்டொயின் நல்லது. உங்கள் சிறுநீரகத்தின் அளவைப் பார்த்துத்தான் தருவார்கள்.

மறுபக்கமும் உண்டு. குளிர் நடுக்கத்தோடு சிறுநீரகத்துக்கு ஏறிய தொற்று, வேறெதற்கும் மசியாத கிருமி என்றால், இந்தக் குடும்பம்தான் உயிரைக் காப்பாற்றும். அப்போது தோள் நோவைவிட இரத்தத்தில் பரவும் தொற்று பெரிது. அப்படி வந்தால் குறைந்த நாளுக்கு, பிரெட்னிசலோன் சேராமல், கடும் உடற்பயிற்சி இல்லாமல். இன்சுலினோ கிளிக்லசைட்டோ எடுக்கும் நீங்கள் அந்த நாட்களில் விரல் குத்திச் சீனியைக் கூடுதலாகப் பாருங்கள். இந்த மருந்து சீனியைத் திடீரென்று கீழே இறக்கும். கயிறில் முதல் நோ வந்ததும் அடுத்த குளிசையை விழுங்காமல் அன்றே வைத்தியரிடம்; வெறுமனே நிறுத்திவிட்டு வீட்டில் இருக்காதீர்கள், தொற்று காத்திராது. கை கால் எரிவு, விறைப்பு வந்தாலும் அப்படியே. நெஞ்சிலோ வயிற்றிலோ முதுகிலோ திடீரென்று கிழிக்கும் நோ என்றால் நேரே அவசரப் பிரிவு. பெருநாடியையும் இந்த மருந்து அரிதாகப் பாதிக்கும்.

கேள்வி: நேர்த்திக்காக ஆடிவேலுக்குத் தேரோடு வெறுங்காலில் நடக்கிறவள். நோ தொடங்கி நாலு மாதம், இப்போது கொஞ்சம்தான். போகலாமா? — செட்டியார் தெரு

இந்த வருடம் தேர் உங்கள் தெருவால் புறப்படும்போது வாசலில் நின்று கும்பிடுங்கள். பம்பலப்பிட்டிவரை, சூடேறிய தாரில், வெறுங்காலில், நின்று நின்று நகரும் பல மணி நேரம், ‘கொஞ்சம்தான்’ நோகும் கயிறுக்கு எல்லாவற்றிலும் கெட்ட சோதனை. கோயில் வீதியை ஒருமுறை சுற்றி, மறுநாள் காலமை முதல் பத்து அடியைக் கவனித்து, அடுத்த கிழமை இரண்டு சுற்று என்று ஏற்றிக்கொண்டு போனால் அடுத்த ஆடிக்குக் கால் தயாராகும்.

கேள்வி: கிளினிக் கொப்பியில் ‘அன்ரிபயோட்டிக் ஒவ்வாமை’ என்று எழுதிவிட்டார்கள். போதுமா? இதை எங்கே முறையிடுவது? — களுபோவில

போதாது, கெடுதியும்கூட. நாளைக்கு நிமோனியாவோடு போனால் எந்த மருந்தும் தரப் பயப்படுவார்கள். உங்களுக்குப் பென்சிலினோடு பகையில்லையே. மருந்தின் பெயர், எத்தனையாம் நாள் தொடங்கியது, எந்தக் கயிறு, எவ்வளவு காலம் என்று எழுதச் சொல்லுங்கள். பக்கவிளைவை, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு அறிவிக்கலாம். அதற்கான படிவத்தை வைத்தியரோ பார்மசிஸ்டோ நிரப்பி அனுப்புவார், குளிசை அட்டையில் உள்ள தொகுதி இலக்கம் இருந்தால் நல்லது. அட்டையை எறிந்துவிடாதீர்கள்.

அடையாள அட்டைக்குப் பின்னால் வைக்க ஒரு சின்னத் துண்டும் எழுதிக்கொள்ளுங்கள். தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் மறுபக்கம். இவ்வளவு போதும்: “ஃப்ளூரோகுயினலோன் வகை தரவேண்டாம். சிப்ரோஃப்ளொக்சசின் 5ஆம் நாள், இரு குதிகால் தசைநாண் பாதிப்பு. பென்சிலின் ஒத்துவரும். ஸ்ரீரொயிட் ஊசி தசைநாணருகே போடவேண்டாம்.” திகதியைப் போட்டு, வைத்தியரின் கையொப்பத்தையும் வாங்குங்கள். பார்மசியில் குளிசை கேட்கும்போது முதலில் நீட்டவேண்டியது இந்தத் துண்டு, பிறகு காசு.